சுவரில் மாட்டும் படத்துக்கு என்ன விலை சொல்வது? குமரி மாவட்டத்துப் புதிய புகைப்படக்காரர்களுக்கு

நாகர்கோவிலில் நான் வழக்கமாகப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் ஒரு நாள் என் மாத்தூர் தொட்டிப்பாலம் படத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேலையாகக் கடைக்கு வந்த ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாருக்க படம்? வெலைக்குக் கிட்டுமா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆயிரத்து இருநூறு குடுங்க" என்றேன். பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் படத்தோடு போய்விட்டார். அவர் போனதும் கடைக்கார அண்ணாச்சி சட்டத்துக்கும் கண்ணாடிக்குமான பில்லை நீட்டினார். 850 ரூபாய். பிரிண்டுக்கு நான் ஏற்கெனவே 350 கொடுத்திருந்தேன். "மக்கா, இதுல ஒனக்கு என்ன கிட்டிச்சு?" என்று அவர் கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் படத்துக்காகத் திருவட்டாறு பக்கம் நான்கு முறை விடியற்காலையில் வண்டி ஓட்டியிருந்தேன். வாங்கியவர் ஏமாற்றவில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். விலையை அவர் எதிரில் நின்று யோசித்ததுதான் தப்பு. எதிரில் ஆள் நிற்கும்போது பயம்தான் விலை சொல்லும். வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, ஒருவரும் வாங்க வராத நாளில், விலையை முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, இப்போதுதான் படம் விற்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

கீழே வரும் ரூபாய் எண்கள் கணக்கைப் புரியவைப்பதற்காக. பிரிண்ட் கூலியும் சட்டக் கூலியும் கடைக்குக் கடை மாறும். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ன விற்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

விலைக்கு முன்னால் அளவு. நம் கேமராக்களில் பெரும்பாலானவை 2-க்கு 3 என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. அதனால் 8×12, 12×18, 16×24, 20×30, 24×36 அங்குலம் என்று போனால் படத்தை வெட்ட வேண்டியதில்லை. தொடக்கத்தில் இவற்றில் மூன்று போதும். நான் 8×12, 12×18, 20×30 என்று வைத்துக்கொண்டேன். எல்லா அளவும் வைத்தால் சரக்கும் தேங்கும், வாங்க வந்தவருக்கும் குழப்பம்.

உங்கள் கோப்பு அந்த அளவுக்குத் தாங்குமா என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20×13 அங்குலம் வரை கூர்மையாக வரும். அதையே 24×36 போட்டால் அங்குலத்துக்கு 166 புள்ளிதான் கிடைக்கும். வரவேற்பறைச் சுவரில் ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும். ஆனால் பாதியாக வெட்டிய படத்தையோ, மொபைலில் இழுத்துப் பெரிதாக்கி எடுத்த படத்தையோ அந்த அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது தாளும் மையும். கல்யாண ஆல்பம் போடும் லேபில் கிடைக்கும் சாதாரண போட்டோ தாள் ஒரு வகை. நிறமி மை கொண்டு, அமிலம் இல்லாத தடித்த பருத்தித் தாளில் போடுவது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் செலவு பல மடங்கு. நேர் வெயில் படாமல் மாட்டினால் பல பத்தாண்டுகள் நிறம் நிற்கும். இரண்டில் எதை விற்றாலும் தவறில்லை. ஆனால் எதை விற்கிறோம் என்பதை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சாதாரணத் தாளைக் கொடுத்துவிட்டு "நூறு வருஷம் நிற்கும்" என்று சொல்லாதீர்கள். இது சின்ன மாவட்டம். மூன்றாம் வருடம் அதே ஆளை வடசேரி சந்தையில் பார்க்க வேண்டி வரும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு, வடகிழக்குப் பருவமழையும் நமக்கு. கடலோர வீடுகளில் உப்புக் காற்று வேறு. முட்டம் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் கொடுத்த முதல் பெரிய படத்தில், செலவைக் குறைக்கிறேன் என்று நடுவில் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வரும் தடித்த அட்டை) வைக்காமல் பிரிண்டை நேரே கண்ணாடியோடு ஒட்ட வைத்துச் சட்டம் போட்டேன். ஆனி, ஆடி தாண்டியதும் அந்த அக்கா கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வானம் இருந்த இடத்தில் கைப்பிடி அளவுக்கு ஈரத்திட்டு. தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றும்போது மேகம் முழுக்க கண்ணாடியோடு உரிந்து வந்தது. பின்பக்கம் வைத்திருந்த எம்டிஎப் பலகை (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஓரத்தில் உப்பியிருந்தது, ஆணிகளில் துரு. முழுவதையும் என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மவுண்ட் அட்டையால் இடைவெளி விடாமல் ஒரு படமும் கொடுப்பதில்லை. பின்பலகைக்கு ஈரம் குடிக்காத பொருள், துருப்பிடிக்காத கொக்கி. கடலுக்கு அருகில் உள்ள வீடென்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். இதற்கெல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய் கூடும். அந்தச் சில நூறும் விலைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

அடக்க விலைத் தாள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 12×18 படம், சுற்றி இரண்டு அங்குல மவுண்ட், ஆக 16×22 சட்டம் என்று எடுத்துக்கொள்வோம்.

பிரிண்ட் 350
மவுண்ட் அட்டை, பின்பலகை 200
சட்டம், அக்ரிலிக் 650
பொதி செய்யும் பொருள்கள் 100
கொக்கி, கயிறு, லேபிள், சான்றுத் தாள் 50

மொத்தம் 1,350. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிட்டு, "இரண்டாயிரத்துக்கு விற்றால் 650 லாபம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். கணக்கில் பாதி இன்னும் பாக்கி.

சேதாரத்தைப் போடுங்கள். மூலை நசுங்கும், நிறம் மாறி வரும், மேலே சொன்னது போல ஒன்றைத் திரும்பச் செய்து கொடுக்க வேண்டியிருக்கும். பத்துக்கு ஒன்று போகும் என்று வைத்து 10 சதவீதம், 135 ரூபாய். இப்போது 1,485.

அடுத்து உங்கள் நேரம். படம் எடுத்த நேரத்தை விடுங்கள், அதை இன்னொரு கணக்கில் பார்ப்போம். இந்த ஒரு பிரதிக்காக கோப்பைத் தயார் செய்வது, லேபுக்குப் போவது, நிறம் சரிபார்ப்பது, சட்டக் கடையில் நிற்பது, பொதி கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது. எனக்கு இதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 200 என்று 400 ரூபாய் போடுகிறேன். மணிக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாதவர்கள், உங்கள் ஊரில் ஒரு கொத்தனாரின் நாள் கூலியைக் கேட்டு எட்டால் வகுத்துப் பாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள்.

கடைசியாக வருடச் செலவு. எல்லாரும் மறப்பது இதைத்தான். கேமராவும் லென்சும் ஒன்றரை லட்சம், ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 30,000. நான் கல்யாண வேலையும் பார்ப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கை, 10,000 ரூபாயை, சுவர்ப்படக் கணக்கில் எழுதுகிறேன். பெட்ரோல், தேநீர், நுழைவுக் கட்டணம், பத்மநாபபுரம் அரண்மனை போன்ற இடங்களில் கேமராவுக்குத் தனியாகக் கட்டுவது எல்லாம் சேர்த்து 12,000. ஹார்டு டிஸ்க், இணையம், மின்சாரம் 6,000. மாதிரிப் படங்களும் கண்காட்சி மேசைச் செலவும் 8,000. ஆக 36,000. வருடத்தில் 60 படம் விற்கிறேன் என்றால் ஒரு படத்தின் தலையில் 600. படம் எடுக்கப் போன அதிகாலைகள் எல்லாம் இந்த 600-க்குள்தான் இருக்கின்றன.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். முட்டத்திலோ குளச்சலிலோ வலை பின்னுகிறவரை, தோவாளையில் விடிவதற்கு முன் பிச்சிப்பூவை அளந்து போடும் அம்மாவை முகம் தெரிய எடுத்தால், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் படத்தை விற்பேன், விற்பதற்கு முன் அவர் கையில் ஒரு பிரதி கொடுப்பேன். அந்தப் பிரதியின் செலவு மாதிரிப் படங்களுக்கான 8,000-க்குள் வருகிறது. உங்கள் நோட்டிலும் அதற்கு ஒரு வரி எழுதுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது.

1,485-ம் 400-ம் 600-ம் கூட்டினால் 2,485. இதுதான் அடக்கம். இதற்குக் கீழே ஒரு ரூபாய் குறைத்து விற்றாலும் வாங்குபவருக்கு நீங்கள் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். இதன் மேல் 500 லாபம் வைத்தால் 2,985, சுமார் 3,000.

சரி, மூவாயிரம்தான் விலையா? இன்னும் இல்லை.

கடைக்காரரின் பங்கு

இன்று உங்கள் வீட்டிலிருந்து நேரடியாக விற்கிறீர்கள். நாளை ஒரு விடுதியின் வரவேற்பறையிலோ கைவினைக் கடையிலோ "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் எங்களுக்கு 40 சதவீதம்" என்பார்கள். கலைக்கூடங்களில் 50 வரை கேட்பதும் வழக்கம்தான். கேட்கும்போது அதிகமாகத் தோன்றும். ஆனால் இடமும் வாடகையும் விளக்கும் விற்கிற ஆளும் அவர்களுடையது. அது நியாயமான பங்கு. உங்கள் விலையில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ரொம்பப் பேர் தவறும் இடம் ஒன்று இங்கே உண்டு. மூவாயிரத்தோடு 40 சதவீதம் கூட்டினால் 4,200. அந்த விலைக்கு விற்கும்போது கடைக்காரர் எடுப்பது 4,200-ல் 40 சதவீதம், அதாவது 1,680. உங்கள் கைக்கு வருவது 2,520. அடக்கம் 2,485 போக மிச்சம் 35 ரூபாய். கூட்டியதும் 40, கழித்ததும் 40, ஆனால் ஐநூறு லாபம் முப்பத்தைந்தாகிவிட்டது. சிறிய தொகையில் கூட்டி, பெரிய தொகையில் கழித்ததால் வந்த வினை.

சரியான வழி வகுத்தல். கடைக்காரர் 40 எடுத்தால் உங்களுக்கு 60. ஆகவே 3,000-ஐ 0.6-ஆல் வகுங்கள். 5,000. அதில் 40 சதவீதமான 2,000 கடைக்கு, 3,000 உங்களுக்கு. 50 சதவீதம் என்றால் 0.5-ஆல் வகுத்து 6,000.

அப்படியானால் வீட்டில் வாங்க வருபவருக்கு 3,000, கடையில் 5,000 என்று வைக்கலாமா? வேண்டாம். எங்கே வாங்கினாலும் 5,000 என்றே இருக்கட்டும். கடையில் பார்த்தவர் உங்கள் எண்ணைத் தேடிப் பிடித்து மூவாயிரத்துக்கு வாங்கிப் போனால், அந்தக் கடை மறுபடி உங்கள் படத்தைத் தொடாது. நேரடி விற்பனையில் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டாயிரம் சும்மா வரும் பணம் இல்லை. அந்த விற்பனைக்காக நீங்களே கடைக்காரராக நின்றீர்கள், போனில் பத்துத் தடவை பேசினீர்கள், வீட்டுச் சுவரின் அளவு எடுத்தீர்கள்.

கடையில் படம் வைக்கும்போது இரண்டு பிரதியாக ஒரு தாள் எழுதி இரு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை படம், என்ன விலை, எத்தனை சதவீதம், விற்ற எத்தனையாவது நாளில் பணம், படம் சேதமானால் யார் பொறுப்பு. ஐந்து வரி போதும். இது இல்லாமல் ஒரு கடையில் எட்டுப் படம் வைத்து, ஆறு மாதம் மேற்கு வெயில் விழும் சுவரில் தொங்கி, நிறம் மங்கி அத்தனையும் திரும்பி வந்தன. கேட்க என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கவில்லை.

அளவு கூடும்போது விலை எப்படிக் கூடும்

12×18 ஐயாயிரம் என்றால் 24×36? பரப்பைப் பார்த்தால் 216 சதுர அங்குலம் 864 ஆகிறது, நான்கு மடங்கு. அப்படியே பெருக்கினால் இருபதாயிரம், ஒருவரும் வாங்கமாட்டார்கள். 8×12-க்கு 96 சதுர அங்குலம், அந்தக் கணக்கில் விலை உங்கள் உழைப்புக்கே காணாது. மாறாக, நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பார்த்தால் 30 அங்குலம் 60 ஆகிறது, இரண்டு மடங்குதான். பிரிண்ட் செலவு பரப்பைப் பொறுத்துக் கூடும். சட்டத்தின் கட்டை சுற்றளவைப் பொறுத்துக் கூடும். உங்கள் நேரமோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் உண்மை விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

சட்டம் இல்லாத வெறும் பிரிண்டுக்கு, மேலே போட்ட கணக்கில் சட்டச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 12×18 சுமார் 3,300 வரும். அதை நடுவில் வைத்து என் படிக்கட்டு இப்படி: 8×12-க்கு 1,800, 12×18-க்கு 3,300, 16×24-க்கு 5,000, 20×30-க்கு 7,500, 24×36-க்கு 10,500. 16×24-ம் 24×36-ம் கேட்டால் மட்டும். சட்டம் வேண்டுமென்றால் தனியாகச் சேரும். ஒவ்வொரு படியையும் அடக்க விலைத் தாளோடு ஒத்துப் பாருங்கள். பெரிய அளவில் ஒரு பிரிண்ட் வீணானால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் பாருங்கள், அங்கே 10 சதவீதச் சேதாரம் பத்தாமல் போகலாம்.

விலை அளவுக்குத்தான், படத்துக்கு இல்லை. ஒரு படத்துக்காக மூன்று நாள் காளிகேசம் காட்டாற்றில் கால் நனைத்து நின்றிருப்பீர்கள், இன்னொன்று சங்குத்துறையில் வண்டியை நிறுத்திய மறு நிமிடம் கிடைத்திருக்கும். வாங்குபவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. படத்துக்குப் படம் விலை மாற்றினால், "அது ஏன் கூட, இது ஏன் கொறச்சல்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம் மாவட்டத்தில் வாங்குகிறவர்கள்

கன்னியாகுமரி முனையில் சூரிய உதயம் பார்க்க வரும் வெளியூர்க்காரர் எல்லாரும் மொபைலில் அதே உதயத்தை எடுத்திருப்பார். அவரிடம் 20×30 உதயப் படத்தைக் காட்டினால், "நானே எடுத்திருக்கேனே" என்பார். அவருக்குத் தோதானது ரயிலில் கொண்டுபோகிற மாதிரி சட்டம் இல்லாத 8×12, அல்லது அஞ்சலட்டை அளவுப் படங்கள். சிறிய அட்டைகளை 100, 150 என்று வைக்கலாம். அவற்றின் அடக்கத்தையும் தனியாகப் போடுங்கள். சுருட்டிக் கொடுக்க பிளம்பிங் சாமான் கடையில் 4 அங்குல பிவிசி குழாய் வாங்கி நறுக்கிக்கொண்டால் போதும், கூரியரில் லாரிக்கு அடியில் போனாலும் நசுங்காது.

சட்டம் போட்ட பெரிய படத்தை வாங்குகிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான், அல்லது இங்கே பிறந்து வெளியே இருப்பவர். வளைகுடாவிலிருந்து லீவில் வந்து வீடு கட்டி முடித்தவர், பால்காய்ச்சுக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடும் மாமா, மார்த்தாண்டத்தில் புதிதாகத் திறக்கும் பல் மருத்துவமனை. இவர்கள் தேடுவது தங்கள் ஊரை. தேரூர்க்காரருக்குத் தாமரைக் குளம், மணக்குடிக்காரருக்குக் காயல், ஆரல்வாய்மொழிக்காரருக்கு முப்பந்தல் காற்றாலைக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் ஆனி மாத மேகம். விலையைக் குறைக்க யோசிப்பதற்கு முன் சரியான படம் சரியான ஊர்க்காரரிடம் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் விற்காமல் கிடந்த என் வள்ளங்கள் படம், குளச்சலில் ஒரு தேநீர்க் கடைச் சுவரில் மாட்ட இடம் கிடைத்த பிறகு, விலையில் ஒரு ரூபாய் மாற்றாமலே ஒரு மாதத்தில் நான்கு போனது.

இனி எடுக்க முடியாத படம் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாலம் இல்லாத கடலோடு அந்த இரண்டு பாறையும் நிற்கும் பழைய படம் ஒரு காலத்தில் எல்லாரிடமும் இருந்த சாதாரணப் படம். இனி எவரும் புதிதாக எடுக்க முடியாது.

அப்படிப்பட்ட ஒன்றிரண்டு படங்களுக்கு மட்டும் "இத்தனை பிரதிதான்" என்று வரம்பு வைக்கலாம். 25 என்று வைத்தால் எல்லா அளவும் சேர்த்து 25. ஒவ்வொன்றிலும் 3/25 என்பது போல பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்திட்டு, யாருக்குப் போனது என்று பதிவேடு வையுங்கள். முதல் பத்துக்கு ஒரு விலை, அடுத்தவற்றுக்குக் கூடுதல் என்று ஏற்றிக்கொண்டு போகலாம். இருபத்தாறாவது ஆள் எவ்வளவு கொடுத்தாலும் போடக் கூடாது. இந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் வரம்பே வைக்காதீர்கள், அது ஒரு குறையும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதயப் படத்தை வரம்பில்லாமல் பல பத்தாண்டுகள் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துக்கு மேல் வெளியே போயும் அதற்கு மதிப்பு இறங்கவில்லை. சித்ரா பௌர்ணமியன்று முனையில் சூரியன் விழுவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்து வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விலையைச் சொல்வது

"சட்டத்தோடு ஐயாயிரம் ரூபாய்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஆனா உங்களுக்காக..." என்று நாமே தொடங்கிவிடுவோம், அந்த அமைதியைத் தாங்க முடியாமல். அவர் யோசிப்பது விலையை மட்டுமாக இருக்காது, சுவர் நிறத்தையும் யோசித்துக்கொண்டிருப்பார். நான் அச்சடித்த விலைப்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன். தாளில் இருக்கும் விலையை ஆட்கள் அதிகம் அசைத்துப் பார்ப்பதில்லை.

"கொஞ்சம் கொறச்சிப் போடுங்க" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. விலையைக் குறைக்காமல் பொருளைக் குறைத்துக் காட்டுங்கள். "சட்டம் இல்லாம எடுத்துக்கோங்கண்ணே, மூவாயிரத்து முந்நூறு. சட்டம் நீங்களே போட்டுக்கலாம்." அல்லது ஒரு அளவு சிறியது. இரண்டு படம் எடுத்தால் வீட்டில் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லலாம். விடுதிக்காரர் இருபது அறைக்குக் கேட்டால் உண்மையாகவே குறைக்கலாம், ஏனென்றால் உங்கள் நேரமும் லேப் போக்குவரத்தும் அங்கே குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று தாளில் போட்டுப் பார்த்து அதை மட்டும் குறையுங்கள், முன்பணம் பாதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஒரு படம் முழுக்கச் சும்மா கொடுப்பேன், மனசார. மற்றபடி முழு விலை. பாதி விலைக்குக் கொடுப்பதில்லை. பாதி விலை கொடுத்தவர் தான் முழு விலை கொடுத்ததாகத்தான் நாலு பேரிடம் சொல்வார், அடுத்து வரும் நாலு பேரும் அதே விலை கேட்பார்கள்.

கோப்பைக் கேட்டால்

"தம்பி, பைலை வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, நாங்களே பிரிண்ட் போட்டுக்கிடுதோம்." இது கட்டாயம் வரும். பிரிண்டை விற்பது வேறு, படத்தைப் பயன்படுத்தும் உரிமையை விற்பது வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. பிரிண்ட் வாங்கியவருக்கு அந்தத் தாள்தான் சொந்தம். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னதற்காக எடுத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போய்விடும். அதனால் விடுதிக்காரர் தன் விடுதிக்காக எடுக்கச் சொன்னால், எடுப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கோப்பைக் கொடுப்பதென்றால் எதற்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை பிரதி என்று எழுதி, ஒரு பிரிண்டின் விலையைவிடப் பல மடங்கு வையுங்கள். அதே சட்டத்தில், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் புகைப்படம் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்றும் இருக்கிறது. வள்ளுவர் சிலைப் படத்தை விற்கலாமா என்று தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக. பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். கல்யாணப் படம் எடுப்பது போன்ற சேவையும் செய்தால் அந்த எல்லை 20 லட்சம். ஆனால் நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளா. திருவனந்தபுரத்துக்குப் படம் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, அதற்கு இந்த வரம்பு பொருந்தாது. அனுப்பத் தொடங்கும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் பேசிவிடுங்கள், அவர் கூலியையும் வருடச் செலவில் எழுதுங்கள்.

விலைப்பட்டியலில் தேதி போடுங்கள். வருடம் ஒரு தடவை, நான் பொங்கல் கழிந்து, நோட்டை எடுத்து எல்லா எண்ணையும் புதிதாகப் போடுவேன். லேப் கூலி ஏறியிருக்கும், பெட்ரோல் ஏறியிருக்கும். கொஞ்சம் ஏற்றலாம், ஏற்றிய விலையை இறக்காதீர்கள், போன வருடம் வாங்கியவர் வருத்தப்படுவார். மூன்று மாதத்தில் கொண்டுவந்த படமெல்லாம் பேரமே இல்லாமல் போனால் விலை குறைவாக இருக்கிறது என்று அர்த்தம்.

படத்தின் பின்பக்கம் ஒரு லேபிள் ஒட்டுங்கள். ஊர், எடுத்த மாதம், வருடம், தாளின் வகை, உங்கள் பெயர், போன் எண், "நேர் வெயிலிலும் ஈரச் சுவரிலும் மாட்ட வேண்டாம்" என்ற வரி. விலையை அதில் எழுத வேண்டாம், தனிச் சீட்டில் எழுதி மூலையில் செருகுங்கள். பால்காய்ச்சுக்கு வாங்கிய ஒரு அக்கா, பின்னால் பேனாவால் நான் எழுதியிருந்த விலையை அழிக்க முடியாமல், வீட்டு வாசலில் நின்றுகொண்டே அதன் மேல் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தின் தாளைக் கிழித்து ஒட்டினார்கள்.